பிளக்கின் மூன்றாவது கால்

நம் ஊர்ப் பக்கம் கரண்ட் எப்போது வந்தது தெரியுமா? 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் தேதி. அப்போது பங்காருபேட்டைக்கு பௌரிங்பேட்டை என்று பெயர்.

காவிரி ஆறு சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அந்தத் தண்ணீரின் வேகத்தில் சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார்கள். அங்கிருந்து கோலார் தங்க வயல் 147 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். உலகத்தில் அப்போது இருந்த மிக நீண்ட மின்கம்பிப் பாதைகளில் இதுவும் ஒன்று. பெங்களூரில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது 1905-ல்தான். நமக்கு மூன்று வருடம் பிந்தியது பெங்களூர்!

ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். கரண்ட் முதலில் வந்தது சுரங்க இயந்திரங்களுக்கு. தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அல்ல.

அந்தச் சுரங்கத்துக்குள் ஒரு ஆய்வுக்கூடமும் இருந்தது. இது பலருக்குத் தெரியாது. தங்கம் தேடும் ஆய்வுக்கூடம் அல்ல. வானத்திலிருந்து வரும் நுண்ணிய துகள்களைத் தேடும் ஆய்வுக்கூடம். நியூட்ரினோ என்று ஒரு துகள் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. மலையையும் துளைத்துப் போகும், பூமியையும் துளைத்துப் போகும். மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும். அதனால் நியூட்ரினோவைத் தனியாகப் பிடிக்க வேண்டும் என்றால் ஆழத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு ஆழம் உலகில் எத்தனை இடத்தில் கிடைக்கும்? நம் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் கிடைத்தது.

மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் சேர்ந்து வேலை செய்தார்கள். தரையிலிருந்து 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். 1965-ல், காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ விட்ட தடத்தைக் கண்டார்கள். உலகத்தில் அதை முதன்முதலில் கண்ட இடங்களில் நம் சுரங்கமும் ஒன்று. பிறகு 1980 முதல் தங்க வயலில் இன்னொரு பெரிய சோதனை நடந்தது. இரும்புத் தகடுகள் அடுக்கிய அந்தக் கருவியின் எடை சுமார் 140 டன். 1990களின் தொடக்கத்தில் இந்தச் சோதனைகள் முடிந்தன. சுரங்கமே 2001-ல் மூடப்பட்டது.

இப்போது ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அந்த ஆழத்தில் பாறை சுடும். காற்றில் ஈரம் அதிகம். நின்றாலே வியர்வை ஊற்றும். கருவிகளோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட வோல்ட்டில் வேலை செய்பவை. வியர்த்த உடம்பு, ஈரமான இடம், பெரிய வோல்ட். ஒரு தவறு நடந்தால் மேலே வருவதற்கு கேஜைவிட்டால் வேறு வழி இல்லை.

ஆய்வுக்கூடக் கருவிக்குக் கரண்ட் கொடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். "நமக்கு எதற்கு ஆய்வுக்கூடம்?" என்று கேட்காதீர்கள். நம்மில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டராக இருக்கிறோம்? ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பாட்டில் கழுவுகிறோம்? கல்லூரி லேபில் கூட்டிப் பெருக்குகிறோம்? படித்தவர்கள் கருவியில் வேலை செய்வார்கள். அந்தக் கருவியைத் துடைப்பதும் நகர்த்துவதும் பிளக்கைச் சொருகுவதும் நாம்தான். லேப் கருவிக்குச் சொல்வது எல்லாம் வீட்டு கிரைண்டருக்கும் பொருந்தும்.

கரண்ட் போகும் வழி

கரண்ட் ஒரு வழியாகப் போகும். இன்னொரு வழியாகத் திரும்பும். போகும் கம்பிக்குப் பேஸ் என்று பெயர். திரும்பும் கம்பிக்கு நியூட்ரல் என்று பெயர். போய்த் திரும்பும் வட்டம் முழுசாக இருந்தால்தான் விளக்கு எரியும், மோட்டார் சுற்றும்.

கரண்ட்டுக்குத் திரும்ப இன்னொரு வழியும் உண்டு. அது மண். மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பியை மண்ணோடு இணைத்திருப்பார்கள். அதனால் பேஸ் கம்பியைத் தொடும் கரண்ட், மண் வழியாகவும் திரும்பிப் போக முடியும்.

காக்கை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? அது மண்ணைத் தொடவில்லை. வேறு கம்பியையும் தொடவில்லை. அதன் வழியாகக் கரண்ட் எங்கேயும் போக வேண்டியது இல்லை. நாமோ தரையில் நிற்கிறோம். பேஸைத் தொட்டால் நம் கை வழியாக ஏறி, நெஞ்சைக் கடந்து, கால் வழியாக மண்ணுக்குப் போகிறது.

உலர்ந்த தோல் கரண்ட்டை ஓரளவு தடுக்கும். நனைந்த தோல் தடுக்காது. செருப்பு ஓரளவு தடுக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் தடுப்பே இல்லை. மாவு ஆட்டும்போது கையில் ஈரம், தரையில் ஈரம், காலில் செருப்பு இல்லை. கிரைண்டரின் உடம்போ இரும்பு. சுரங்கத்தின் ஆழத்தில் இருந்த ஆபத்து நம் அடுப்படியிலும் இருக்கிறது.

எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும்? கரண்ட்டின் அளவை ஆம்பியர் என்று சொல்வோம். ஒரு ஆம்பியரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். உடம்பில் 1 மில்லி ஆம்பியர் போனால் சுர்ரென்று இருக்கும். 10-க்கு மேல் போனால் தசை இறுகிவிடும், பிடித்த கை விடாது. 30-க்கு மேல் போனால் மூச்சு தடைபடலாம், இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம். வீட்டில் எரியும் ஒரு சின்ன 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். ஒரு பல்பு எரியும் கரண்ட் ஒரு ஆளுக்குப் போதும்.

ஒரு அக்கா கண்டுபிடித்த கோளாறு

எங்கள் மையத்துக்கு ஒரு அக்கா படிக்க வருகிறார். தினமும் காலையில் பங்காருபேட்டையில் ரயில் ஏறி பெங்களூர் போகிறார். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் துப்புரவு வேலை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவதும் மேசையைத் துடைப்பதும் அவர் பொறுப்பு.

அந்த மேசையில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது. எவர்சில்வர் தொட்டி. உள்ளே ஹீட்டர். தண்ணீரை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்கும். சோதனைக் குழாய்களை அதில் நிறுத்துவார்கள். ஈரத் துணியால் துடைக்கும்போதெல்லாம் அக்காவுக்கு விரலில் சுர்ரென்று பிடித்தது. சொல்லிப் பார்த்தார். "ஈரக் கையோட ஏம்மா தொடறீங்க? செருப்பு போட்டுக்கோங்க" என்று பதில் வந்தது. அக்கா செருப்பு போட்டுக்கொண்டார்.

மையத்தில் நாங்கள் பிளக் பற்றிப் பேசிய நாளில் அவர் கேட்டார்.

"தம்பி, அந்தத் தொட்டியோட பிளக்குல ரெண்டு கால்தான் இருக்கு. சுவத்துல மேல ஒரு பெரிய ஓட்டை இருக்கே, அது சும்மாவே கிடக்குது. அது எதுக்கு?"

"அக்கா, அந்த ஓட்டைதான் உங்க உசுருக்கு. மூணாவது காலு உடைஞ்சு போயிருக்கும்."

மறுநாள் அவர் மேலாளரிடம் சொன்னார். எலக்ட்ரீஷியன் வந்தார். உடைந்த பிளக்கை எடுத்துவிட்டு மூன்று கால் பிளக் போட்டார். எல்லாரும் முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் மறுபடியும் சுர்ரென்றது!

"அண்ணா, இன்னும் அடிக்குது" என்றார் அக்கா. எலக்ட்ரீஷியன் சோதனை பல்பை எடுத்தார். ஒரு முனையைப் பேஸ் ஓட்டையிலும் மறு முனையை மேல் ஓட்டையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது.

பச்சைக் கம்பியை இழுத்து இணைத்தார். தொட்டியின் சுவிட்சைப் போட்டார். போட்ட உடனே பலகையில் டிரிப் சுவிட்ச் கீழே விழுந்தது. ஏன் தெரியுமா? தொட்டியின் ஹீட்டர் பழுதாகி, கரண்ட் எவர்சில்வர் உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அந்தக் கசிவுக்குப் போக வழி இல்லாமல் உடம்பிலேயே நின்றது. யார் தொடுகிறார்களோ அவர் வழியாகப் போனது. பச்சைக் கம்பி வந்ததும் கசிவு அதன் வழியாக ஓடியது. டிரிப் சுவிட்ச் கண்டுகொண்டது.

பிளக்கில் ஒரு கோளாறு, சாக்கெட்டில் ஒரு கோளாறு, கருவியில் ஒரு கோளாறு. மூன்றும் ஒன்றாக இருந்தன. மூன்றையும் வெளியே கொண்டுவந்தது துடைக்கிற கை. என் கருத்து இது: ஒரு லேபில் கருவியைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அதைத் துடைப்பவரிடம்தான்.

மூன்றாவது கால் ஏன் நீளம்?

உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு பாருங்கள். மூன்று கால்கள் இருக்கும். இரண்டு சின்னவை. ஒன்று மட்டும் பருமன். நீளமும் அதிகம். அதுதான் எர்த் கால்.

பருமன் ஏன்? தவறுதலாக மற்ற இரண்டு ஓட்டைகளில் நுழையக் கூடாது என்பதற்காக. நீளம் ஏன்? சொருகும்போது முதலில் எர்த் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் எர்த் விடுபட வேண்டும். கரண்ட் வருவதற்கு முன்னாலேயே காவல் வந்து நிற்கிறது. கரண்ட் போன பிறகுதான் காவல் போகிறது.

சாக்கெட்டை நேராகப் பாருங்கள். மேலே உள்ள பெரிய ஓட்டை எர்த். உங்கள் வலது கைப் பக்கம் பேஸ். இடது கைப் பக்கம் நியூட்ரல். பழைய வயரிங்கில் பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. இப்போது வரும் கருவிகளின் வயரில் பேஸ் காபிக்கொட்டை நிறம், நியூட்ரல் நீலம், எர்த் பச்சையில் மஞ்சள் கோடு. பச்சையைப் பார்த்தால் எர்த் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிறத்தை நம்பி எதையும் தொடாதீர்கள். வயரிங் செய்தவர் கையில் கிடைத்த நிறத்தை இழுத்திருக்கலாம்.

எர்த் கம்பி கருவியின் இரும்பு உடம்பிலிருந்து புறப்படுகிறது. பிளக் வழியாகப் போய், சுவருக்குள் ஓடி, வீட்டுக்கு வெளியே மண்ணில் புதைத்த குழாயிலோ தகட்டிலோ முடிகிறது. அந்தக் குழியில் கரியும் உப்பும் போட்டிருப்பார்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈர மண்ணில் கரண்ட் சுலபமாக இறங்கும். காய்ந்த மண்ணில் இறங்காது. நம் ஊர் வெயிலும் பாறை மண்ணும் உங்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். அது சடங்கு அல்ல. காரணத்தோடு சொன்னதுதான். பல பள்ளிக்கூடங்களில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரிவதில்லை. குப்பைக்கு அடியில் இருக்கும்.

இரண்டே கால் உள்ள பிளக்கும் உண்டு. போன் சார்ஜர் அப்படித்தான். அதன் உடம்பு முழுவதும் பிளாஸ்டிக். உள்ளே இரண்டு அடுக்குக் காப்பு இருக்கும். அதன் மேல் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். கட்டத்துக்குள் கட்டம். அந்த அடையாளம் இருந்தால் எர்த் தேவை இல்லை. இரும்பு உடம்பு இருந்து, கட்டத்துக்குள் கட்டமும் இல்லை, மூன்றாவது காலும் இல்லை என்றால், அதைச் சொருகாதீர்கள்.

இன்னொரு பழக்கம் நம்மிடம் உண்டு. பிளக் இல்லாத வயரின் இரண்டு முனைகளைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவது. திருவிழா மைக் செட்டில் பார்த்திருப்பீர்கள். அதில் எர்த்துக்கு இடமே இல்லை. யாராவது வயரைத் தட்டினால் பேஸ் முனை வெளியே வந்து தொங்கும். ஒரு பிளக் வாங்கும் காசுக்கு இந்த ஆபத்து தேவையா?

பியூஸ் யாரைக் காக்கிறது?

"எங்கள் வீட்டில் பியூஸ் இருக்கிறது, பயம் இல்லை" என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு 6 ஆம்பியர் பியூஸ் என்பது 6000 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால்தான் அது உருகும். ஆளுக்கு ஆபத்து 30 மில்லி ஆம்பியரில் தொடங்குகிறது. 6000-ஐ 30-ஆல் வகுத்தால் 200. உயிருக்கு ஆபத்தான அளவைப்போல் 200 மடங்கு போன பிறகுதான் பியூஸ் அசையும்!

பியூஸ் காப்பது வயரை. வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. எம்.சி.பி. என்று இப்போது வைக்கும் சுவிட்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆளைக் காப்பதற்கு வேறு ஒன்று இருக்கிறது. அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். அக்காவின் லேபில் விழுந்த டிரிப் சுவிட்ச் அதுதான்.

அது எப்படி வேலை செய்கிறது? சுரங்கத்தில் ஷிப்டுக்கு இறங்கியவர்களையும் ஏறியவர்களையும் கணக்கு வைப்பது வழக்கம். இறங்கியவர் 40 பேர், ஏறியவர் 39 பேர் என்றால் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். உடனே தேட வேண்டும். ஆர்.சி.சி.பி.யும் இதைத்தான் செய்கிறது. பேஸில் எவ்வளவு போனது? நியூட்ரலில் எவ்வளவு திரும்பியது? 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது வேறு எங்கோ கசிகிறது. ஒருவேளை ஒரு ஆளின் உடம்பு வழியாக. கண் இமைப்பதற்குள் கரண்ட்டை நிறுத்திவிடும்.

அதில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஆங்கில 'டி' எழுத்து போட்டிருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் அது கெட்டுவிட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சிலர் அடிக்கடி விழுகிறதே என்று அதை எடுத்துவிட்டு நேராக இணைத்துக்கொள்வார்கள். நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டி, திருடனை விட்டுவிடுவது போன்ற வேலை அது.

ஆர்.சி.சி.பி.யும் எல்லாவற்றையும் தடுக்காது. ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால், போனதும் திரும்பியதும் சமமாக இருக்கும். அதற்குத் தெரியாது. அதனால் அது இருக்கிறது என்று வயரில் கை வைக்கக் கூடாது.

கருவியின் பெயர்ப் பலகை

ஒவ்வொரு கருவியின் பின்னாலோ அடியிலோ ஒரு சின்னத் தகடு இருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் எண்கள் எல்லாருக்கும் பொது. எண் படிக்கத் தெரிந்தால் போதும். மூன்று எண்களைத் தேடுங்கள்.

முதல் எண் வோல்ட். பக்கத்தில் ஆங்கில 'வி' எழுத்து இருக்கும். நம் நாட்டில் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். கருவியில் 220, 230, 240 என்று இருந்தால் சரி. அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அந்த நாட்டுக்காகச் செய்த கருவியில் 100 அல்லது 110, 120 மட்டும் இருந்தால், நம் சாக்கெட்டில் நேராகச் சொருகினால் கருகிவிடும். நடுவில் டிரான்ஸ்பார்மர் வேண்டும். நம் சுரங்கத்தில் சேர்ந்து வேலை செய்த மூன்று நாட்டுக்காரர்களை நினைத்துப் பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், இங்கிலாந்தில் அப்போது 240. வெளிநாட்டிலிருந்து தானமாக வந்த லேப் கருவியிலும், துபாய்க்காரர் கொண்டுவந்த பொருளிலும் இந்த எண்ணை முதலில் பாருங்கள். 100-240 என்று கோடு போட்டு இருந்தால் இரண்டிலும் வேலை செய்யும்.

இரண்டாவது எண் 50. இதற்குப் பக்கத்தில் ஆங்கில 'ஹெச்', 'இஸட்' எழுத்துகள். இது கரண்ட் ஒரு வினாடியில் எத்தனை முறை திசை மாறி ஒரு சுற்று முடிக்கிறது என்ற கணக்கு. சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் வந்த கரண்ட் 25 சுற்றுதான். இப்போது நாடு முழுவதும் 50.

மூன்றாவது எண் வாட். ஆங்கில 'டபிள்யூ' எழுத்து. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 750 வாட் இஸ்திரிப் பெட்டி: 750-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 3. சின்ன சாக்கெட் 6 ஆம்பியர் தாங்கும். சரி. 1500 வாட் ஹீட்டர் ராடு: சுமார் ஆறரை. சின்ன சாக்கெட் தாங்காது. 2000 வாட் லேப் அடுப்பு: சுமார் 9. பெரிய 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு ஓட்டை இருப்பதால் நான்கு கருவி போடலாம் என்று அர்த்தம் இல்லை. நான்கு கருவிகளின் ஆம்பியரையும் கூட்டுங்கள். பாக்ஸில் எழுதிய எண்ணைத் தாண்டக் கூடாது. பாக்ஸின் வயர் சூடாக இருந்தால் கணக்குப் போடவே வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

எதை முதலில், எதைக் கடைசியில்

கருவியை வைக்கும் இடம் உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கும் கழுவும் தொட்டிக்கும் பக்கத்தில் வேண்டாம். வயர் முழுவதையும் கண்ணால் பாருங்கள். எங்காவது வெட்டு, கருகல், டேப் சுற்றிய இடம் இருக்கிறதா? எலி கடித்த தடம் இருக்கிறதா? பிளக்கில் மூன்று கால் இருக்கிறதா? தகட்டில் எண் சரியா? கருவியின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா? சுவர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா? பிறகு உலர்ந்த கையால் பிளக்கைச் சொருகுங்கள். அடுத்துச் சுவர் சுவிட்ச். கடைசியில் கருவியின் சுவிட்ச்.

எடுக்கும்போது இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கருவி, அடுத்துச் சுவர், கடைசியில் பிளக். பிளக்கைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே முதலில் கழன்று போவது எர்த் கம்பியாகவும் இருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. கருவி வழக்கம்போல ஓடும். காவல் மட்டும் போய்விட்டிருக்கும்.

துடைக்க வேண்டும் என்றால் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே எடுத்துவிடுங்கள். சில இடங்களில் சுவிட்சை நியூட்ரல் பக்கம் போட்டிருப்பார்கள். அணைத்த பிறகும் கருவிக்குள் பேஸ் இருக்கும். பெரிய வோல்ட்டில் ஓடும் சில கருவிகள் பிளக்கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். பழைய டி.வி.ப் பெட்டியும் அப்படித்தான். அவற்றின் மூடியை நாம் திறக்கக் கூடாது.

ஹீட்டர் ராடுக்கும் இதே முறைதான். முதலில் தண்ணீரில் ராடு, பிறகு பிளக், பிறகு சுவிட்ச். மார்கழிக் குளிரில் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது நம் பழக்கம். பிளக்கைப் பிடுங்காமல் விரலை விடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகள் பள்ளி லேபில் பயன்படுத்தும் சின்னப் பெட்டிக்கு பேட்டரி எலிமினேட்டர் என்று பெயர். அது 230 வோல்ட்டை 2 முதல் 12 வோல்ட் வரை குறைத்துக் கொடுக்கும். அதன் முன்பக்கம் பயம் இல்லை. பின்பக்கம் போகும் வயரில் 230 இருக்கிறது. எல்லா இணைப்பும் முடித்து, வாத்தியார் பார்த்த பிறகுதான் பிளக்கைச் சொருக வேண்டும். குறைந்த வோல்ட்டில் தொடங்க வேண்டும். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் கேளுங்கள்: "உங்க லேப் பிளக்குல எத்தனை காலு?"

ஒருவருக்கு ஷாக் அடித்தால்

அவரைத் தொடாதீர்கள். தொட்டால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். அணைக்க முடியாவிட்டால், உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த மரக் கட்டையால் அவரை வயரிலிருந்து விலக்குங்கள். இரும்புக் கம்பி, ஈரக் கட்டை வேண்டாம். தெருவில் அறுந்து விழுந்த மின்கம்பி என்றால் கிட்டேயே போகாதீர்கள். 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்து மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

விலக்கிய பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து அழுத்துங்கள். வேகமாக, அழுத்தமாக. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதயத்தின் துடிப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

பயிற்சி

1. வீட்டில் மூன்று கருவிகளின் தகட்டைப் பாருங்கள். வோல்ட், வாட் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். வாட்டை 230-ஆல் வகுத்து ஆம்பியர் கண்டுபிடியுங்கள்.

2. உங்கள் வீட்டில் எத்தனை பிளக்குகள்? எத்தனைக்கு மூன்று கால் இருக்கிறது? இரண்டு கால் உள்ளவற்றில் கட்டத்துக்குள் கட்டம் இருக்கிறதா?

3. நீங்கள் வேலை செய்யும் இடத்திலோ பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலோ எர்த் குழி எங்கே இருக்கிறது? கேட்டு எழுதி வாருங்கள். கடைசியாக அதில் தண்ணீர் ஊற்றியது எப்போது என்றும் கேளுங்கள்.